5 கிலோமீட்டர் ஓடுகிறவனுக்கு 14 கிலோமீட்டர் எதற்கு?

பிப்ரவரி 3, காலை. சேலம் பேர்லண்ட்ஸ் வாசகர் கேட்டது:

அண்ணா, நான் ஓடுவது 5 கி.மீ. போட்டி மட்டும்தான். இப்போது 25 நிமிடம் ஆகிறது, 22-க்குள் வர வேண்டும். செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் மைதானத்தில் 400 மீட்டர் 16 முறை ஓடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் எல்லாரும் 14, 16 கி.மீ. என்று கிளம்பிவிடுகிறார்கள். மாரத்தான் பக்கமே போகாதவனுக்கு அது வீண் வேலை என்கிறேன். மெதுவாக ஓடிப் பழகினால் மெதுவாகத்தானே ஓட வரும்? மறுப்பவர்கள் மறுக்கலாம்.

பிப்ரவரி 3, இரவு

மறுக்கிறேன். இன்றைய தேதியிலேயே பதில் இருக்கிறது. 1962-இல் இதே பிப்ரவரி 3 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில், புல்தரையில், பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரை 1 நிமிடம் 44.3 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். மொத்தமே இரண்டு சுற்று. அந்த இரண்டு சுற்றுக்காக அவர் ஆக்லாந்துக்கு மேற்கே மலைச்சாலையில் ஒரே மூச்சில் 22 மைல், அதாவது 35 கி.மீ., ஓடிப் பழகியவர். ஓட வைத்தவர் ஆர்தர் லிடியார்டு. செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தபடியே தன் உடம்பிலேயே எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்த மனிதர்.

தம்பி, உன்னை 35 ஓடச் சொல்லவில்லை. 12 ஓடு. மீதியை நாளை எழுதுகிறேன், பட்டறையில் கொலுசு ஆர்டர் ஒன்று நிற்கிறது.

பிப்ரவரி 4

800 மீட்டர் ஓட்டத்திலேயே உடம்பு செலவழிக்கும் சக்தியில் பாதிக்கு மேல் ஆக்சிஜனைக் கொண்டு எரித்து எடுப்பதுதான். 5,000 மீட்டரில் அந்தப் பங்கு 90 சதவீதத்தைத் தாண்டிவிடும். கடைசி நூறு மீட்டர் பாய்ச்சலைப் பார்த்துவிட்டு இதை வேகப் போட்டி என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உள்ளே நடப்பது பெரும்பாலும் மூச்சு வேலை.

நீண்ட, நிதானமான ஓட்டத்தில் தசைக்குள் நுண் இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன, ஆக்சிஜனைக் கொண்டு சக்தி எடுக்கும் மைட்டோகாண்ட்ரியா கூடுகிறது, இதயம் ஒரு துடிப்புக்கு வெளியேற்றும் இரத்தத்தின் அளவு உயர்கிறது. குதிகால் தசைநாணும் எலும்பும் அடி வாங்கிப் பழகுகின்றன. வேகப் பயிற்சி செய்வது வேறு வேலை. ஆக்சிஜனை உள்ளிழுத்துப் பயன்படுத்தும் உச்ச அளவை அது தூக்குகிறது, கால் வீச்சைச் சீராக்குகிறது, போட்டி வேகம் எப்படி இருக்கும் என்பதை உடம்புக்குச் சொல்லிக்கொடுக்கிறது. ஒன்றின் வேலையை மற்றொன்றின் தலையில் கட்ட முடியாது.

"மெதுவாக ஓடினால் மெதுவாகத்தான் வரும்" என்பது மெதுவாக மட்டுமே ஓடுகிறவனுக்குப் பொருந்தும். பூங்காவைச் சுற்றிப் பல வருடமாக ஒரே வேகத்தில் ஓடும் பெரியவர்கள் எனக்குத் தெரிந்தே நாலைந்து பேர் உண்டு. அவர்கள் சந்தோஷமாகவே இருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒரு கேள்வி. வாரத்துக்கு மொத்தம் எவ்வளவு ஓடுகிறாய்?

பிப்ரவரி 5

26 கி.மீ. என்கிறான் தம்பி. 400 மீட்டர் 16 முறை என்றால் 6.4 கி.மீ. இரண்டு நாளைக்கு 12.8. ஓடுவதில் பாதி, உயிரை விட்டு ஓடுவது! 5 கி.மீ. போட்டி வேகத்திலோ அதற்குச் சற்று மேலேயோ ஓடும் இன்டர்வெல் (நடுவில் மெல்லோட்டம் வைத்துத் துண்டு துண்டாக ஓடும் வேகப் பயிற்சி), ஒரு நாளைக்கு வார மொத்தத்தில் 8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பயிற்சியாளர்கள் பலரும் பின்பற்றும் வரம்பு. உன் 26-க்கு அது 2 கி.மீ. சொச்சம். வாரம் 40 ஓடுகிறவனுக்கு 3.2, அதாவது 400 மீட்டர் எட்டு முறை. அவ்வளவுதான்.

ஸ்டாப்வாட்ச் விவரத்தையும் அனுப்பியிருக்கிறான். முதல் சுற்று 1:34, பதினாறாவது 2:11. முதலில் ஓடியது 800 மீட்டர்க்காரனின் பயிற்சி, கடைசியில் ஓடியது வீட்டுக்குப் போகும் பயிற்சி. 25 நிமிட ஓட்டக்காரனுக்கு 400 மீட்டர் சரியாக 2 நிமிடம். இப்போதைக்கு 1:56-க்கும் 2:00-க்கும் நடுவே ஐந்து முறை, ஐந்தும் ஒரே மாதிரி, இடையில் 200 மீட்டர் மெல்லோட்டம். முடித்ததும் "இன்னும் இரண்டு ஓடலாம் போலிருக்கிறது" என்று தோன்ற வேண்டும். ஓடக் கூடாது.

பிப்ரவரி 6

ஒருவர் சாட்டோபெக்கை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார். 1952 ஹெல்சிங்கியில் 5,000, 10,000, மாரத்தான் மூன்றிலும் தங்கம் வாங்கியவர் 400 மீட்டரைத்தானே திரும்பத் திரும்ப ஓடினார் என்கிறார். உண்மை. ஒரே நாளில் 40 முறைகூட ஓடியிருக்கிறார், இடையில் 200 மீட்டர் மெல்லோட்டம். கூட்டிப் பாருங்கள்: 40 முறை 600 மீட்டர் என்றால் 24 கி.மீ. நீண்ட ஓட்டத்தைத் துண்டு போட்டு ஓடியிருக்கிறார் மனிதர். அதோடு அந்த நாற்பதையும் அவர் கண்மூடிப் பாயவில்லை.

பிப்ரவரி 11, ஞாயிறு மதியம்

எந்த வாக்குவாதமும் நம் ஊரில் கடைசியில் ஏற்காட்டு மலைப்பாதையில்தான் வந்து நிற்கிறது. "நீண்ட ஓட்டம் ஓடினேன், செவ்வாய்க்கிழமை கால் எழும்பவில்லை, அதனால் நீண்ட ஓட்டம் வேகத்தைக் கெடுக்கிறது" என்று மூன்று பேர் எழுதிவிட்டார்கள். எங்கே ஓடினீர்கள் என்று கேட்டேன். மூவரும் அடிவாரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு மேலே ஏறியவர்கள்.

சேலம் கடல் மட்டத்திலிருந்து 278 மீட்டர். ஏற்காடு 1,500-ஐத் தாண்டியது. நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஆறேழு வளைவு ஏறித் திரும்பினாலும் அதை நிதானமான ஓட்டம் என்று நோட்டில் எழுத முடியாது. அடிவாரத்தில் கிளம்பும்போது சம்பள உயர்வு, வாடகை, மகளின் கல்லூரி என்று பேசிக்கொண்டே ஏறுகிறோம். மூன்றாவது வளைவில் பேச்சு வார்த்தை வார்த்தையாக உடைகிறது. ஐந்தாவதில் தலையாட்டல்தான். பேச முடியாத ஓட்டம் நிதானமான ஓட்டம் அல்ல, கடிகாரத்தில் கிலோமீட்டருக்கு 8 நிமிடம் காட்டினாலும் சரி.

ஏற்றமாவது பரவாயில்லை, இறக்கம்தான் காலை வாங்குகிறது. இறங்கும்போது ஒவ்வோர் அடியிலும் முன்தொடை நீண்டுகொண்டே உடம்பின் எடையைப் பிடித்து நிறுத்துகிறது. அப்படி நீளும்போது பாரம் தாங்கும் தசையில் நுண்ணிய கிழிசல்கள் விழுகின்றன. அந்த வலி அன்றே வராது. ஒரு நாள் கழித்து எட்டிப் பார்த்து, இரண்டாம் நாள் உச்சத்துக்குப் போகும். ஞாயிற்றுக்கிழமை இறக்கத்துக்கு இரண்டாம் நாள் எது? உங்கள் 400 மீட்டர் நாள்.

பட்டறை மச்சுப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்கிய காலம் எனக்கும் உண்டு. பற்றவைக்கிற பெரியவர் ஊதுகுழலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "ஏம்பா, யாராவது அடித்துவிட்டார்களா?" என்று கேட்டார்.

ஆகவே நீளத்தின் மேல் பழி போடாதீர்கள். மலை ஓடும் ஞாயிறு கடின நாள். அந்த வாரம் செவ்வாயை நிதானமாக விட்டுவிட்டு, வேகத்தை வியாழனுக்குத் தள்ளுங்கள். அல்லது மலையை மாதத்துக்கு ஒரு முறை வைத்துக்கொண்டு, மற்ற ஞாயிறுகளில் மூக்கனேரி பக்கம், கன்னங்குறிச்சிச் சாலை என்று சமதளமாகப் பார்த்து ஓடுங்கள்.

பிப்ரவரி 11, மாலை

விட்டுப் போனது. கையில் வாழைப்பழத்துடன் ஏறாதீர்கள். குரங்குகளுக்கு இன்டர்வெல் பயிற்சி தேவையே இல்லை.

பிப்ரவரி 14

இறக்கம் கெடுதல் என்று நான் சொன்னதாக ஒருவர் கோபித்துக்கொண்டிருக்கிறார். கெடுதல் என்று சொல்லவில்லை, செலவு என்கிறேன். ஒரு முறை அப்படி வலித்த தொடை, அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கத்தைக் குறைந்த சேதத்தோடு தாங்கும். தவறாமல் ஓடுகிறவர்களுக்கு அதனால்தான் வலிப்பதில்லை. ஆண்டுக்கு இரண்டு முறை வீரம் வந்து ஏறுகிறவர்களுக்குத்தான் படி இறங்க முடிவதில்லை.

மலையை வேகத்துக்கே பயன்படுத்தவும் வழி இருக்கிறது. முதல் வளைவுக்கு முன்பே ஏற்றம் தொடங்கிவிடும். அங்கே ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் நல்ல வேகத்தில் ஏறி, நடந்து இறங்கி, மறுபடி ஏறுங்கள். ஏற்றத்தில் கால் தரையில் விழும் அதிர்ச்சி குறைவு. மூச்சுக்கும் இடுப்புக்கும் கிடைக்கும் வேலையோ அதிகம். டிராக்கில் இறங்குவதற்கு முந்திய மாதத்தில் இதைச் செய்யலாம். லிடியார்டு தன்னிடம் பயின்ற ஓட்டக்காரர்களுக்கு வகுத்த வரிசையும் இதுதான்: முதலில் தூரம், பிறகு மேடு, கடைசியில் டிராக்.

பிப்ரவரி 18

தம்பி 40 கி.மீ. வாரத்துக்கு ஏற முடிவு செய்துவிட்டான். ஒரே வாரத்தில் ஏறாதே, ஐந்தாறு வாரம் எடுத்துக்கொள். ஏறி முடித்த வாரம் ஏறக்குறைய இப்படி இருக்கட்டும். செவ்வாய் 400 மீட்டர் எட்டு, முன்னும் பின்னும் மெல்லோட்டம், எல்லாம் சேர்த்து 9 கி.மீ. புதன் 7, பேசிக்கொண்டே. வியாழன் 8, அதன் நடுவில் 20 நிமிடம் டெம்போ. ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய வேகம்தான் டெம்போ, உனக்கு கிலோமீட்டருக்கு 5:20 பக்கம் வரும். சனி 5, முடிவில் இருபது விநாடிப் பாய்ச்சல் நான்கைந்து. ஞாயிறு 12, கிலோமீட்டருக்கு 6:15-க்குக் குறையாமல். திங்களும் வெள்ளியும் ஓட்டமில்லை.

6:15 அவமானமாக இருக்கிறது, தெரிந்தவர்கள் பார்ப்பார்கள் என்கிறான். விடியற்காலை ஐந்து மணிக்கு யார் பார்க்கிறார்கள்? பால் வண்டிக்காரர் பார்ப்பார். அவருக்கு வேறு வேலை இருக்கிறது.

பிப்ரவரி 19

கோரிமேட்டுச் சகோதரி நல்ல கேள்வி எழுப்பியிருக்கிறார். நீண்ட ஓட்டம் வார மொத்தத்தில் 25, 30 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் வீட்டில் வாரத்துக்கு மூன்று நாள்தான் ஓட முடிகிறது. மூன்று நாளில் ஒன்று நீளம் என்றால் அதுவே 40 சதவீதத்தைத் தாண்டுகிறதே, என்ன செய்வது?

தாண்டட்டும். அந்த விகிதம் ஐந்தாறு நாள் ஓடுகிறவர்களை மனத்தில் வைத்துச் சொன்னது. மூன்றே நாள் என்றால் ஒரு நாள் நீளம், ஒரு நாள் வேகம், மூன்றாவது நாள் நிதானம். மூன்றையும் அரைகுறை வேகத்தில் ஓடுவதுதான் கூடாது. நேரம் குறைந்தவர்கள் விழும் குழி அது. "கிடைத்ததே நாற்பது நிமிடம், கொஞ்சம் இழுத்து ஓடுவோம்" என்று ஆரம்பித்து எல்லா நாளும் ஒரே நாளாகிவிடும். நிதானத்தின் பலனும் கிடைக்காது, வேகத்தின் பலனும் கிடைக்காது, களைப்பு மட்டும் கிடைக்கும்.

பிப்ரவரி 27

தம்பிக்கு 400 மீட்டர் 2:06-க்குக் குறைய மாட்டேன் என்கிறதாம். எந்தத் தடத்தில் ஓடுகிறாய் என்று கேட்டேன். நடைப்பயிற்சிக்காரர்கள் உள்தடத்தில் நால்வராகக் கைகோத்து வருவதால் நாலாவது தடத்தில் ஓடுகிறானாம். அங்கேயே கணக்கு முடிந்தது. 400 மீட்டர் என்பது உள்தடத்துக்கு மட்டும். ஒரு தடத்தின் அகலம் 1.22 மீட்டர். வெளியே தள்ளத் தள்ள ஒரு சுற்றுக்கு ஏழு மீட்டருக்கு மேல் கூடும். நாலாவது தடத்தில் முழுச் சுற்று ஏறத்தாழ 422 மீட்டர். 22 மீட்டரை உன் வேகத்தில் ஓட ஆறு விநாடிக்கு மேல் ஆகும். நீ சரியாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறாய், தம்பி.

நடப்பவர்களோடு சண்டை போடாதே. அவர்கள் எண்ணிக்கை அதிகம்.

மார்ச் 9

போலீஸ் தேர்வுக்குப் பயிற்சி எடுக்கும் பையன்கள் மைதானத்தை நிறைத்திருக்கிறார்கள். ஆண்களுக்கு 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். சுற்று ஒன்றுக்கு 1:52 வீதம் மூன்றே முக்கால் சுற்று. இன்று ஒரு பையன் முதல் சுற்றை 1:20-இல் முடித்தான், மூன்றாவதில் இடுப்பில் கை வைத்து நடந்தான். தினமும் இதையேதான் செய்கிறான். தினமும் தேர்வு எழுதினால் பாடம் எப்போது படிப்பது?

அவனுக்குச் சொன்னது: வாரத்தில் மூன்று நாள் அரை மணி, முக்கால் மணி பேசக்கூடிய வேகத்தில் ஓடு. ஒரு நாள் மட்டும் 1:50 வேகத்தில் 400 மீட்டர் ஐந்தாறு. 1,500 மீட்டரிலும் பெரும்பங்கு மூச்சு வேலைதான். பையன் தலையாட்டினான். நாளை மறுபடி 1:20-இல்தான் கிளம்புவான் என்று நினைக்கிறேன்.

மார்ச் 24

வெயில் வந்துவிட்டது. ஆறரைக்கே முதுகில் சுடுகிறது. வியாழன் டெம்போவுக்கு 5:20 என்று எழுதியிருந்தேனே, அதைக் குளிர்கால எண்ணாக வைத்துக்கொள். வெக்கையில் உடம்பைக் குளிர்விக்க இரத்தம் தோலுக்கும் போக வேண்டியிருக்கிறது, தசைக்கும் போக வேண்டியிருக்கிறது. வியர்வையில் நீர் போய் இரத்தத்தின் அளவும் குறைகிறது. அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக அடிக்கிறது. ஏப்ரலில் 5:20-ஐப் பிடித்தே தீருவேன் என்று ஓடினால் அது டெம்போவாக இருக்காது, போட்டியாகிவிடும். நேரத்தைப் பார்க்காமல் மூச்சைப் பார்த்து ஓடு. இரண்டு, மூன்று சொல் பேச வரும், முழு வாக்கியம் வராது, அந்த இடம்.

400 மீட்டரில் இந்தத் தொல்லை குறைவு. ஓட்டம் சிறியது, நடுவில் மூச்சு வாங்க இடம் இருக்கிறது. கோடையில் வேகத்தை வைத்துக்கொண்டு நீளத்தை 12-இலிருந்து 10 ஆக்கினால் குடி முழுகிவிடாது. முழுதாக விடுவதுதான் தவறு. அல்லது முதல் பஸ்ஸில் ஏற்காட்டுக்குப் போய் ஓடு. மேலே ஏழெட்டு டிகிரி குறைவாக இருக்கும். ஏரியைச் சுற்றி, பகோடா பாயின்ட் பக்கம் போய் வந்தால் நீளமும் ஆயிற்று. கீழே வரவும் பஸ் இருக்கிறது, தொடைக்கு வேலை மிச்சம். பக்கத்து இருக்கைக்காரர் ஜன்னல் பக்கம் நகர்ந்துகொள்வார், அதைக் கண்டுகொள்ளக் கூடாது.

ஏப்ரல் 14

ஓடி முடித்ததும் என்ன சாப்பிடுவது என்று கேள்வி. புத்தாண்டு நாளில் இதற்குப் பதில் சொல்ல மனமில்லை, வீட்டில் வடை, பாயசம். சாதாரண நாளில் இட்லியும் முட்டையும் போதும். மாலையில் தட்டுவடை செட் சாப்பிடலாமா என்று கேட்டவருக்கு: சேலத்தில் இருந்துகொண்டு சாப்பிடாமல் எப்படி இருப்பது? துருவிய பீட்ரூட், கேரட் எல்லாம் நடுவில் இருக்கிறதே, காய்கறிதான். இரண்டாவது செட்டுக்கு இந்த வாதம் செல்லாது.

மே 6

காய்ச்சலால் ஒரு வாரம் ஓடவில்லை, எல்லாம் போய்விட்டதா என்று கோரிமேட்டுச் சகோதரி கேட்கிறார். போகாது. 1954-இல் இதே மே 6 அன்று ரோஜர் பானிஸ்டர் ஒரு மைலை 3 நிமிடம் 59.4 விநாடியில் ஓடினார். மருத்துவ மாணவர். மதிய உணவு இடைவேளையில் 440 கெஜம், அதாவது ஏறக்குறைய 400 மீட்டர், பத்து முறை ஓடுவதுதான் அவருடைய முக்கியப் பயிற்சி. சில வாரங்களுக்கு முன்பு சுற்று 61 விநாடியிலேயே சிக்கிக்கொண்டது. நண்பர் பிராஷருடன் ஸ்காட்லாந்து மலைக்குப் போய்ப் பாறை ஏறினார், ஓடவே இல்லை. திரும்பி வந்து 59-இல் ஓடிக்காட்டினார்.

இதைப் படித்துவிட்டு யாரும் பாறை ஏறக் கிளம்ப வேண்டாம். சகோதரி, நீங்கள் முதல் வாரம் நிதானமாக மட்டும் ஓடுங்கள். வேகத்தை அதற்கடுத்த வாரம் பார்க்கலாம்.

மே 25

கோடை விழாக் கூட்டம். மலைப்பாதையில் பிரேக் கருகும் வாடை. இன்று ஓடவில்லை.

பஸ்ஸில் போய் ஏற்காட்டில் ஓடினால் இரத்தச் சிவப்பணு கூடும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஏற்காட்டில் காற்றழுத்தம் சேலத்தைவிட ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைவு. சிவப்பணு பெருக அதைவிட உயரத்தில், ஏறக்குறைய 2,000 மீட்டருக்கு மேல், வாரக்கணக்கில் குடியிருக்க வேண்டும். ஒரு காலையில் பெருகுவது பசி மட்டும். குளிர்ச்சிக்காகப் போங்கள், மிளகுக்கொடி பார்க்கப் போங்கள்.

தம்பிக்கு அடுத்த ஞாயிறு போட்டி. இந்த வாரம் மொத்தத்தைப் பாதியாக்கு. செவ்வாய் 400 மீட்டர் நான்கு மட்டும், அதே 1:56. நாளைய நீளம் 7 போதும். புது ஷூ வாங்கியிருந்தால் அது பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.

ஜூன் 2, மதியம்

தம்பி போட்டியை முடித்தது 23:40. கிலோமீட்டர் வாரியாக 4:22, 4:41, 4:55, 4:58, 4:44. 22 வரவில்லை என்று வருத்தப்படுகிறான்.

முதல் கிலோமீட்டரைப் பார். 22 நிமிட வேகத்துக்கு 4:24. நீ அதற்கும் மேலே கிளம்பியிருக்கிறாய். பிப்ரவரியின் 1:34 பழக்கம் இன்னும் போகவில்லை. நாலாவதில் 4:58 வரை சரிந்தவன், கடைசிக் கிலோமீட்டரில் 14 விநாடியைத் திரும்பப் பிடித்திருக்கிறாய். பழைய தம்பி அங்கே நடந்திருப்பான். 4:40-இல் கிளம்பியிருந்தால் 23 நிமிடம் சொச்சத்தில் முடித்திருப்பாய் என்பது என் கணிப்பு. 22 இந்த ஆண்டு முடிவில் பார்க்கலாம்.

ஜூன் 2, இரவு

அடுத்து 10 கி.மீ. என்கிறான். சரி. செவ்வாய் 400 மீட்டருக்குப் பதில் 1,000 மீட்டர் மூன்று, இப்போதைய வேகம் 4:44. வியாழன் டெம்போவை மெல்ல அரை மணிக்குக் கொண்டுபோ. ஞாயிறு 12-ஐ 14 ஆக்கு, மழை வந்து வெக்கை தணிந்த பிறகு. வாரம் 45-ஐத் தாண்டும் வரை இதற்கு மேல் எதையும் கூட்டாதே. திங்கள் ஓய்வை எடுத்துவிடலாமா என்று இன்னொரு கேள்வி. கூடாது.